மகளின் பைக்குள் இருந்த புத்தகம்

களியக்காவிளைக்குப் பக்கத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். கணவர் வளைகுடாவில் வேலை செய்கிறார். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் ரப்பர் இருக்கிறது. பால் உறைய வைத்து ஷீட் அடிப்பதுவரை எல்லாவற்றையும் இவரே பார்த்துக்கொள்கிறார். ஒரே மகள். 16 வயது. கேரள எல்லைக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளியில் பிளஸ் ஒன் படிக்கிறாள். சிறு வயது முதல் சபைப் பாடகர் குழுவில் பாடியவள், சில மாதங்களாகப் போவதில்லை. வாலிபர் கூட்டம் என்றால் தலைவலி என்கிறாள். இரவில் வெகுநேரம் விழித்திருக்கிறாள், தட்டில் பாதிச் சோறு அப்படியே இருக்கிறது, மதிப்பெண்ணும் இறங்கிவிட்டது.

பள்ளிப் பையைத் துவைக்க எடுத்தபோது அதில் ஓர் ஆங்கிலப் புத்தகம் இருந்திருக்கிறது. இளைஞர்களுக்காக ஒரு கிறிஸ்தவப் பதிப்பகம் வெளியிட்டது. சபையில் நர்சிங் படிக்கும் ஒரு அக்கா இரவல் கொடுத்தாராம். சந்தேகம், காதல், உடம்பு, மனச்சோர்வு, தற்கொலை எண்ணம் என்று அத்தியாயத் தலைப்புகள். பதறிப்போன அம்மா புத்தகத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். மகள் இன்னும் கேட்கவில்லை. தேடுகிறாள் என்று மட்டும் தெரிகிறது.

இவருடைய கேள்விகள் நான்கு. மகள் விசுவாசத்தை விட்டு விலகுகிறாளா? இப்படிப்பட்ட புத்தகத்தைக் கொடுத்த அக்காவைப் பற்றிப் போதகரிடம் சொல்லட்டுமா? இதற்குப் பதிலாக, "நாங்கள் படித்து வளர்ந்த மோட்சப் பிரயாணம் மாதிரி" நல்ல புத்தகம் எது வாங்கிக் கொடுப்பது? உபவாச ஜெபத்துக்கு அழைத்துப் போவதா, மனநல மருத்துவரிடம் போவதா; மருத்துவரிடம் போனால் நாளைக்குக் கல்யாணப் பேச்சில் இடிக்காதா?

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், போகிற போக்கில் ஒன்றைச் சொல்லியிருக்கிறார். பதில் கிடைக்காத ஜெபம் பற்றிய அத்தியாயத்தில் மகள் பென்சிலால் கோடு போட்டு, ஓரத்தில் மலையாளத்தில் ஒரே ஒரு வார்த்தை எழுதியிருக்கிறாள். பஸ் போர்டு படித்த பழக்கத்தில் அம்மா எழுத்துக்கூட்டிப் பார்த்திருக்கிறார். "அம்மச்சி" என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி. அம்மச்சி என்பது இவருடைய தாயார். திருவனந்தபுரம் ஆர்.சி.சி.யில் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்று, சபையே உபவாசமிருந்து ஜெபித்தும், போன வருடம் காலமாகிவிட்டார். அடக்க ஆராதனைக்கு வந்த ஒருவர் பேத்தி நிற்கும்போதே, "விசுவாசம் போதவில்லை, அதனால்தான் சுகம் கிடைக்கவில்லை" என்று சொல்லிவிட்டுப் போனாராம்.

அன்புள்ள சகோதரி,

நான்கு பக்கக் கடிதத்தில் நீங்கள் ஓரமாக வைத்துவிட்ட அந்த ஒரு வார்த்தையிலிருந்துதான் நான் தொடங்க வேண்டும். உங்கள் மகளுக்கு அம்மச்சி போய்விட்டார். தன் கண் முன்னே ஊரே ஜெபித்தது, ஆனாலும் போய்விட்டார். அதற்குக் காரணம் நம் வீட்டு விசுவாசத்தில் இருந்த குறை என்று ஒரு பெரியவர் சொன்னதையும் அவள் கேட்டிருக்கிறாள். அதில் யாருடைய விசுவாசம் குறைந்தது என்று இந்தப் பிள்ளை எத்தனை இரவு கணக்குப் பார்த்திருப்பாள்! "நான் சரியாக ஜெபிக்கவில்லையோ" என்று கூட நினைத்திருக்கலாம். இந்த வயதுப் பிள்ளைகள் மரணத்தைத் தங்கள் தலையில் ஏற்றிக்கொள்வதை நான் ஆலோசனை அறையில் அடிக்கடி பார்க்கிறேன்.

இவள் விலகிப் போகிறவள் என்று எனக்குத் தோன்றவில்லை. விலகுகிறவர்கள் பதில் கிடைக்காத ஜெபத்தைப் பற்றிப் பென்சிலும் கையுமாகப் படிப்பதில்லை. அவளுக்குள் இருப்பது துக்கமும் கோபமும். வேதத்தில் இதற்கு நிறைய இடம் இருக்கிறது. "கர்த்தாவே, எதுவரைக்கும் என்னை மறந்திருப்பீர்" என்று 13-ஆம் சங்கீதம் தொடங்குகிறது. 88-ஆம் சங்கீதம் ஆறுதலான ஒரு வரி கூட இல்லாமல் இருளிலேயே முடிகிறது; அதையும் வேதத்தில் சேர்த்துத்தான் வைத்திருக்கிறார்கள். "நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்" என்று மார்த்தாள் இயேசுவின் முகத்துக்கு நேரே சொன்னாள். அவர் அவளைக் கண்டிக்கவில்லை. சற்று நேரத்தில் அந்தக் கல்லறைக்குப் போகும் வழியில் அவரே அழுதார்.

அடக்க ஆராதனைக்கு வந்தவர் சொன்னது தவறு. இதை உங்கள் மகளிடம் நீங்கள் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். பவுல் தன் மாம்சத்தில் இருந்த முள் நீங்க மூன்று தரம் வேண்டிக்கொண்டதாக அவரே எழுதியிருக்கிறார், முள் நீங்கவில்லை. பவுலுக்கு விசுவாசம் போதவில்லை என்று எந்தப் பிரசங்க மேடையிலாவது சொல்லக் கேட்டிருக்கிறீர்களா?

இன்னொன்றும் கவனித்தேன். இறந்தவர் உங்களைப் பெற்ற தாய். கடிதத்தில் உங்கள் துக்கத்தைப் பற்றி ஒரு வரி கூட இல்லை. விடியற்காலையில் பால் எடுக்கப் போவதும், ஷீட் காயப்போடுவதும், கணவர் போனில் வரும்போது எல்லாம் நலம் என்று சொல்வதுமாக நாட்களை நகர்த்தியிருக்கிறீர்கள் என்று ஊகிக்கிறேன். மகளும் உங்களைப் பார்த்துத்தான் பேசாமல் இருக்கிறாள். ஒரே வீட்டில் இரண்டு பேர், ஒருவரை ஒருவர் நோகடிக்கக் கூடாதென்று அம்மச்சியின் பேரையே எடுக்காமல் இருக்கிறீர்கள்.

நீங்கள் நம்பும் புத்தகத்தில் இருப்பது

மோட்சப் பிரயாணத்தைப் பற்றி எழுதியிருந்தீர்கள். ஜான் பன்யன் 1678-இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட அந்தக் கதையைத்தான் கவிஞர் ஹெச்.ஏ. கிருஷ்ணபிள்ளை தழுவி இரட்சணிய யாத்திரிகம் என்ற காவியமாகப் பாடினார்; அது 1894-இல் நூலாக வெளிவந்தது. தமிழ்க் கிறிஸ்தவ வீடுகளில் வேதத்துக்கு அடுத்தபடியாக மதிக்கப்பட்ட கதை அது. அதைத் திரும்ப ஒரு முறை எடுத்துப் படித்துப் பாருங்கள். பயணி வீட்டை விட்டுக் கிளம்பிய கொஞ்ச தூரத்திலேயே மனச்சோர்வு என்னும் சேற்றில் விழுந்து தத்தளிக்கிறான். பிற்பாடு அவனும் உடன் வரும் நண்பனும் ஒரு ராட்சதனிடம் சிக்குகிறார்கள். ராட்சதனின் பெயர் விரக்தி. அவன் கோட்டையின் பெயர் சந்தேகம். அங்கே அவர்களை அடித்து, நிலவறையில் அடைத்து, "இனி நீங்கள் உயிரோடிருந்து என்ன பயன், உங்களை நீங்களே மாய்த்துக்கொள்ளுங்கள்" என்று ராட்சதன் சொல்கிறான். பயணி அந்தப் பேச்சுக்கு இணங்கும் நிலைக்கே வந்துவிடுகிறான். கூட அடைபட்டிருந்த நண்பன் பேசிப் பேசித்தான் அவனைத் தடுக்கிறான்.

உங்கள் மகளின் பையில் இருந்த புத்தகத்தில் எந்தத் தலைப்புகளைக் கண்டு பதறினீர்களோ, அவை மூன்றரை நூற்றாண்டுக்கு முந்தைய பக்தி நூலிலும் இருக்கின்றன. சிறு வயதில் நாம் அந்தப் பக்கங்களைச் சாகசக் கதையாகக் கடந்து போய்விட்டோம். நம்பிக்கையோடு வாழ முயல்கிறவர்களுக்கு இருட்டு வரும் என்பதை மறைக்காத புத்தகம்தான் இளைஞர்களுக்கு உதவும். தலைப்பில் தற்கொலை என்ற சொல் இருப்பதாலேயே ஒரு புத்தகம் அதைக் கற்றுக்கொடுப்பதாகாது. அந்த எண்ணம் வந்தால் யாரிடம் பேச வேண்டும், எப்படி உதவி கேட்க வேண்டும் என்று அந்த அத்தியாயம் சொல்கிறதா, அல்லது இறந்தவரைப் பெரிய தியாகி போலக் காட்டுகிறதா என்றுதான் பார்க்க வேண்டும். பீரோவைத் திறந்து அந்த அத்தியாயத்தை முழுவதும் வாசியுங்கள். ஆங்கிலம் சிரமமென்றால் கொடுத்த அக்காவிடமே சொல்லச் சொல்லிக் கேளுங்கள்.

முதலில் கேட்க வேண்டிய ஒரு கேள்வி

இது எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது. உங்கள் மகளுக்குச் சாக வேண்டும் என்ற எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்டால் நாமே அந்த எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்று பெரும்பாலான பெற்றோர் பயப்படுகிறார்கள். அப்படி நடப்பதில்லை என்பது மனநல மருத்துவத்தில் நன்றாக நிறுவப்பட்ட விஷயம். கேட்பதால் பிள்ளைக்குப் பாரம் குறைகிறது. "அம்மச்சி போன பிறகு நீ சரியாகத் தூங்குவதில்லை, சாப்பிடுவதில்லை. உயிரோடு இருக்க வேண்டாம் என்று எப்போதாவது தோன்றுகிறதா மோளே? தோன்றினால் என்னிடம் சொல். திட்ட மாட்டேன். அழ மாட்டேன் என்று சொல்ல முடியாது, ஆனால் கூடவே இருப்பேன்." இப்படி, உங்கள் வீட்டில் பேசுகிற பேச்சிலேயே கேளுங்கள். பக்கத்தில் வேறு யாரும் இருக்கக் கூடாது.

"ஆம்" என்றாலோ, பதில் சொல்லாமல் குனிந்துகொண்டாலோ, அன்றைக்கே உதவி தேடுங்கள். மத்திய அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416, இருபத்து நான்கு மணி நேரமும் இலவசம். தமிழிலும் பேசலாம், மலையாளத்திலும் பேசலாம். மகளுக்கு எது வாய்க்கு வருகிறதோ அதில் பேசட்டும். 1098 பிள்ளைகளுக்கான உதவி எண். ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு நேரிலும் போகலாம். உங்கள் ஊரிலிருந்து திருவனந்தபுரம் சௌகரியம் என்றால் அங்கேயும் போகலாம்.

அவள் "இல்லை" என்று சொன்னாலும் ஒரு காரியத்தைத் தள்ளிப் போடாதீர்கள். ரப்பர் பால் உறைய வைக்கிற ஆசிட் கன்னாஸ் (கேன்) உங்கள் வீட்டில் எங்கே இருக்கிறது? பெரும்பாலும் ஷீட் அடிக்கிற மிஷினுக்குப் பக்கத்தில் திறந்தபடி கிடக்கும். அதையும், தோட்டத்துக்கு அடிக்கும் மருந்தையும், அம்மச்சிக்கு வலிக்காகக் கொடுத்து மீந்துபோன மாத்திரைகளையும் இன்றே பூட்டி வையுங்கள். மீந்த மாத்திரைகளை வாங்கிய இடத்திலேயே திருப்பி ஒப்படைப்பது இன்னும் நல்லது. புத்தகத்தைப் பூட்டிய பீரோவில் இவற்றுக்கு இடம் கொடுங்கள்.

ஜெபமா, மருத்துவரா

இரண்டையும் எதிரெதிரே நிறுத்துவதுதான் எனக்கு வருத்தமாக இருக்கிறது. அம்மச்சிக்கு ஜெபிக்கவும் செய்தீர்கள், ஆர்.சி.சி.க்கும் போனீர்கள். அதை யாரும் அவிசுவாசம் என்று சொல்லவில்லை. புற்றுநோய்க்கு ஒரு நியாயம், மனதின் நோய்க்கு வேறு நியாயம் இருக்க முடியாது. எலியா சூரைச்செடியின் கீழ் படுத்து, "போதும் கர்த்தாவே, என் ஆத்துமாவை எடுத்துக்கொள்ளும்" என்று சொன்னபோது, தூதன் வந்து பிரசங்கம் செய்யவில்லை. சுட்ட அடையும் தண்ணீரும் கொடுத்து, மறுபடி தூங்க விட்டு, பிறகும் எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். பேச்செல்லாம் அதற்கப்புறம்தான்.

தூக்கமும் பசியும் கெட்டு, விருப்பமாகச் செய்தவற்றில் நாட்டம் போய், இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்பது பொதுவான அளவு. உங்கள் மகளுக்கு மாதக்கணக்காகிவிட்டது. துக்கமாகவே இருக்கலாம்; மனச்சோர்வு நோயாக மாறியிருக்கலாம்; தைராய்டு, இரத்தசோகை போன்ற உடல் காரணங்களும் இருக்கலாம். பார்த்தால்தான் தெரியும். பார்க்கப் போனதாலேயே மாத்திரை எழுதிவிடுவார்கள் என்பதும் இல்லை, பல பிள்ளைகளுக்குப் பேச்சு ஆலோசனையே போதுமானதாக இருக்கிறது.

கல்யாணப் பேச்சு பற்றி: அவளுக்கு 16 வயது. அதை இப்போது எடுக்கவே வேண்டாம். சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைக்க வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது. மருத்துவமனை வழியாக ஊருக்குத் தெரியாது.

உபவாச ஜெபத்துக்கு அவளாக விரும்பினால் வரட்டும். ஆனால் கூட்டத்துக்கு நடுவில் முழங்கால்படியிட வைத்து, தலையில் கை வைத்து, அவளுடைய பிரச்சினையைச் சத்தமாகச் சொல்லி ஜெபிக்க அனுமதிக்காதீர்கள். ஏற்கெனவே ஒருவர் எல்லோர் முன்னாலும் சொன்ன வார்த்தையின் காயம் ஆறவில்லை.

எந்தப் புத்தகம்

பெயர்ப் பட்டியல் கேட்டீர்கள், நான் தரவில்லை. அவளுக்கு வேண்டியது எது என்று அவளைக் கேட்காமல் நான் சொன்னால், அது இன்னொரு பெரியவரின் உபதேசமாகத்தான் அவள் மேசையில் கிடக்கும். மார்த்தாண்டத்திலோ நாகர்கோவிலிலோ கிறிஸ்தவப் புத்தகக் கடைக்கு இரண்டு பேரும் சேர்ந்து போங்கள். அவள் கையில் எடுப்பதைப் பாருங்கள். வாங்கும் முன் நீங்கள் கவனிக்க வேண்டியவை மட்டும் சொல்கிறேன்.

கேள்வியைக் கேட்ட அதே பக்கத்தில் அவசரமாகப் பதில் சொல்லி முடித்துவிடும் புத்தகம் அவளுக்கு இப்போது உதவாது. "ஜெபித்தால் எல்லாம் சரியாகும்" என்று முடிகிற சாட்சிகள் மட்டுமே நிறைந்த புத்தகம் அவளை இன்னும் தனிமைப்படுத்தும், ஏனென்றால் அவள் வீட்டில் அப்படி முடியவில்லை. மருந்தை நிறுத்தச் சொல்கிற, மருத்துவரை அவிசுவாசத்தின் அடையாளமாகப் பேசுகிற புத்தகம், எந்தப் பெரிய ஊழியர் எழுதியிருந்தாலும், வேண்டாம். பெண் பிள்ளையின் உடம்பை வெட்கத்துக்குரிய ஒன்றாக எழுதும் புத்தகமும் வேண்டாம்.

எழுதியவர் எந்த ஊர்ப் பிள்ளைகளை மனதில் வைத்து எழுதினார் என்றும் பாருங்கள். இப்போது கிடைக்கும் இளைஞர் நூல்களில் பல அமெரிக்காவிலிருந்து வருகின்றன. விசுவாசம் பற்றி அவை சொல்வதில் நல்லது இருக்கலாம். ஆனால் அங்கே பதினாறு வயதுப் பிள்ளை சொந்தக் காரில் வெளியே போவதும், பிற்பாடு தன் துணையைத் தானே தேடுவதும்தான் கதை. நம் பிள்ளைகளுக்கு இருக்கிற தலைவலி வேறு: நுழைவுத் தேர்வு மதிப்பெண், வரதட்சணை, சபைக்குள்ளேயே கேட்கப்படும் சாதி, வளைகுடாவில் இருக்கும் அப்பா, வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் பரவும் ஒரு படம். இவற்றைப் பற்றி யாராவது நம் மொழியில் நேர்மையாக எழுத வேண்டும் என்று பல வருடங்களாகச் சொல்லி வருகிறேன். உங்கள் சபையில் அப்படி எழுதத் தெரிந்த ஆசிரியர்கள் இருந்தால் தயவுசெய்து தூண்டிவிடுங்கள்.

மொழி பற்றிய உங்கள் கவலையையும் புரிந்துகொள்கிறேன். "ஆங்கிலத்திலும் மலையாளத்திலும் படித்தால் நம் ஜெபம் அவளுக்கு ஒட்டாது" என்று எழுதியிருக்கிறீர்கள். சகோதரி, இந்தியாவில் அச்சான முதல் தமிழ்ப் புத்தகமான தம்பிரான் வணக்கம் 1578-இல் கொல்லத்தில் அச்சானது. அடுத்த ஆண்டு கொச்சியில் அச்சான கிறிஸ்தியானி வணக்கம், பிள்ளைகளுக்குப் போதிப்பதற்காகப் போர்த்துகீசிய மொழியில் உரையாடலாக எழுதப்பட்ட நூலின் தமிழாக்கம். இரண்டுமே ஆண்ட்ரிக் அடிகளார் என்ற போர்த்துகீசியப் பாதிரியாரின் முயற்சி. வேற்று மொழியில் பிறந்த நூல், மலையாளக் கரையில், தமிழ்ப் பிள்ளைகளுக்காக! எல்லைக்கு இரண்டு பக்கமும் கால் வைத்து வாழ்கிற உங்கள் மகளுக்கு இதில் புதிதாக எதுவும் இல்லை. அவள் துக்கப்படுவது மலையாள எழுத்தில் வருகிறதென்றால் வரட்டும். குடும்ப ஜெபத்தில் பழைய திருப்புதல் வேதாகமத்தின் தமிழ் அவளுக்குக் கடினமாக இருந்தால், 1995-இல் வந்த பொது மொழிபெயர்ப்பையும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அல்லது அவள் மலையாள வேதாகமத்தில் ஒரு சங்கீதம் வாசிக்கட்டும், அதே சங்கீதத்தை நீங்கள் தமிழில் வாசியுங்கள். 13-இல் தொடங்கலாம்.

அந்த அக்கா

போதகரிடம் புகார் செய்யாதீர்கள். உங்கள் மகள் வீட்டில் கேட்க முடியாததை அந்தப் பெண்ணிடம் கேட்டிருக்கிறாள். அவரும் தட்டிக் கழிக்காமல் கையில் இருந்ததைக் கொடுத்திருக்கிறார். புகார் போனால் மகளுக்கு இருக்கிற ஒரு வாசலும் அடைபட்டுவிடும். அவரை வீட்டுக்கு அழைத்துப் பேசுங்கள், நன்றி சொல்லுங்கள். அடுத்த முறை இப்படிக் கனமான புத்தகம் கொடுக்கும்போது உங்களுக்கும் ஒரு வார்த்தை சொல்லும்படி கேட்பது நியாயமே.

பொதுவாக ஓர் எச்சரிக்கை, இது அந்த அக்காவைப் பற்றியது அல்ல. சபையிலோ பள்ளியிலோ எந்தப் பெரியவராவது பிள்ளைக்கு அறிவுரை சொல்கிறேன் என்று நள்ளிரவில் செய்தி அனுப்புவது, தனியாக வரச் சொல்வது, "வீட்டில் சொல்லாதே" என்பது இருந்தால் உடனே விழித்துக்கொள்ளுங்கள். 18 வயதுக்குட்பட்ட பிள்ளையிடம் பாலியல் அத்துமீறல் நடந்தது தெரிந்தால் காவல்துறைக்குச் சொல்வது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி கட்டாயம். சபைக்குள் பேசி முடித்துக்கொள்ள அதில் இடமில்லை.

புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது

தாயாக, 18 வயது நிறையாத மகள் என்ன படிக்கிறாள் என்று பார்க்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் அவளுக்குத் தெரியாமல் எடுத்துப் பூட்டி வைத்து, அவள் தேடுவதைப் பார்த்தும் பேசாமல் இருப்பது அவளுக்கு நீங்கள் கற்றுக்கொடுக்க விரும்பும் பாடமாக இருக்காது. பையில் சத்தமில்லாமல் திரும்ப வைத்துவிடவும் வேண்டாம். கையில் கொடுங்கள். கேட்காமல் எடுத்தது தப்பு என்று சொல்லுங்கள். அம்மச்சி என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன், எனக்கும் அந்தக் கேள்வி இருக்கிறது என்று சொல்லுங்கள், அது உண்மையென்றால். அதற்கு மேல் நீங்கள் பேச வேண்டாம். அவள் பேசினால் கேளுங்கள். பேசாவிட்டால் அன்றைக்கு விடுங்கள். வேறொரு நாள், ஷீட் காயப்போட உதவிக்குக் கூப்பிட்டுப் பாருங்கள். முகம் பார்த்துப் பேச முடியாத பிள்ளைகள் கை வேலையின் நடுவே நிறையப் பேசுவார்கள்.

உங்கள் கணவருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்றும் அன்றுதான் நிதானமாகப் பேசுவார் என்றும் எழுதியிருக்கிறீர்கள். வரும் வெள்ளிக்கு முன்னால், மகள் வீட்டில் இல்லாத நேரத்தில் அவரை அழைத்து எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். வெள்ளியன்று போனில் மதிப்பெண்ணைப் பற்றியும் பாடகர் குழுவைப் பற்றியும் அவர் கேட்க வேண்டாம். அம்மச்சியைப் பற்றித் தனக்கு நினைவிருக்கிற ஏதாவது ஒன்றை மகளிடம் சொல்லட்டும்.